நட்சத்திரக் குறியை யார் படிக்கிறார்கள்?

"ஆர்எம் *" என்று அடித்தால், "எல்லாத்தையுமா அழிக்கணும்?" என்று அந்த நிரல் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? யூனிக்ஸ் பழகியவர்கள் பலர் என்றாவது ஒருநாள் இப்படி நொந்திருப்பார்கள். ஆனால் ஆர்எம்மைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த நட்சத்திரம் அதன் கண்ணில் படுவதே இல்லை. ஷெல் முன்னாடியே அதைக் கோப்புப் பெயர்களாக விரித்து, பட்டியலை மட்டும்தான் ஆர்எம்மிடம் கொடுக்கிறது. நாற்பது பெயரையும் கையால் அடித்தோமா, ஒரே குறியில் முடித்தோமா என்பது அதற்குத் தெரியாது.

இந்த வேலைப் பங்கீடு 1971லேயே வந்துவிட்டது. பெல் லேப்ஸில் கென் தாம்சன் எழுதிய முதல் ஷெல், * அல்லது ? கண்டால் குளோப் என்ற தனி நிரலைக் கூப்பிடும். 'குளோபல்' என்பதன் சுருக்கம். அது பெயர்களைப் பொருத்திப் பார்த்து, அகரவரிசையில் அடுக்கி, பிறகு அசல் கட்டளையை இயக்கும். 1979இல் ஸ்டீபன் பூர்ன் ஷெல்லோடு ஏழாம் பதிப்பு வந்தபோது இந்த வேலை ஷெல்லுக்குள்ளேயே போய்விட்டது. கட்டளைகளுக்கு அப்போதும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பைப்பும் இதே ஜாதிதான். தோட்டத்து ஹோஸ் பைப் மாதிரி நிரல்களை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ள வழி வேண்டும் என்று டக் மக்கில்ராய் எழுதியது 1964 அக்டோபரில். தாம்சன் அதைச் செய்துகொடுத்தது 1973இல். ஆனால் முதலில் | குறியே கிடையாது! கோப்பில் எழுதுவதற்கான > குறியையே இதற்கும் பயன்படுத்தினார்கள்:

சார்ட் பெயர்கள் >பிஆர்>ஓபிஆர்>

கடைசியில் ஒரு > தொங்குகிறது பாருங்கள். அதை விட்டுவிட்டால் ஓபிஆர் என்பது நிரல் இல்லை, ஒரு கோப்பு என்று ஷெல் எடுத்துக்கொள்ளும். போதாததற்கு > குறிக்குப் பின்னால் வருவது முதல் இடைவெளியோடு முடிந்துவிடும். பிஆருக்கு ஒரு ஆப்ஷன் கொடுக்க வேண்டுமானால் மேற்கோள் குறிக்குள் போட்டாக வேண்டும். < குறியை வைத்து இதையே தலைகீழாகவும் எழுதலாம். ஒரே வேலையை எழுத மூன்று வழி, படிப்பவருக்குத் தலைவலி. சில மாதங்கள்தான் தாங்கியது. அப்புறம் வந்தது இன்றைய நேர்கோடு.

இதனால் சார்ட் நிரலில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. தன் வெளியீடு திரைக்குப் போகிறதா, அடுத்த நிரலுக்கா என்று தெரியாமலே அது தன் வேலையைப் பார்க்கும். குறி எதுவானாலும் படிப்பது ஷெல்தானே.

எம்எஸ்-டாஸ் நேர்மாறு. அங்கே நட்சத்திரம் அப்படியே கட்டளையிடம் போகும்; விரித்துக்கொள்வது அந்தந்தக் கட்டளையின் பாடு. புதிதாக நிரல் எழுதுபவருக்கு இது வெட்டி வேலை. ஆனால் "டெல் *.*" அடித்தால் நிச்சயமா என்று ஒருமுறை கேட்கும். குறியைக் கண்ணால் பார்த்தது, அதனால் கேட்க முடிந்தது.

இன்றைய இசட்-ஷெல்லில் "ஆர்எம் *" அடித்துப் பாருங்கள் (காலி ஃபோல்டர் எதிலாவது இரண்டு உதவாத கோப்புகளைப் போட்டுவிட்டு!). வழக்கமான அமைப்பில் அதுவும் கேட்கும். கேட்பது ஆர்எம் இல்லை, ஷெல்.