சுவரில் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம்: இயங்கலை ஓவிய விற்பனையில் மிகை மெய்ம்மை

தாப்பா – இயங்கலையில் சேலை வாங்குபவர் நிறத்தைப் பார்ப்பார். சட்டி வாங்குபவர் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று பார்ப்பார். ஓவியம் வாங்குபவரின் கேள்வி வேறு: "இது நம் வீட்டுச் சுவருக்குப் பொருந்துமா?" கைப்பேசித் திரையில் எல்லா ஓவியமும் உள்ளங்கை அளவுதான். 30 சென்டிமீட்டர் படமும் ஒரு மீட்டர் படமும் ஒன்றுபோலவே தெரியும். பக்கத்தில் அளவை எழுதி வைத்தாலும் எண்கள் மனக்கண்ணில் படமாவதில்லை. பலர் விருப்பக் குறியிட்டுவிட்டு நகர்ந்துவிடுவதற்கு இந்தச் சந்தேகமும் ஒரு காரணம்.

கலைக்கூடம் இல்லாத சிற்றூர் ஓவியருக்கு இது பெரிய இழப்பு. நகரத்துக் கலைக்கூடத்தில் படத்தை வைத்தால் விற்ற விலையில் பாதிவரைகூடத் தரகாகப் போகும் இடங்கள் உண்டு. இயங்கலையில் நேரடியாக விற்றால் அந்தத் தொகை கையில் நிற்கும். ஆனால் அங்கே வாங்குபவர் படத்தின் முன் நின்று பார்க்க வழியில்லை. அந்தக் குறையை ஓரளவு நிரப்புவதுதான் மிகை மெய்ம்மை. 'ஏஆர்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தொழில்நுட்பம் இது.

என்ன அது?

கேமரா காட்டும் உண்மையான இடத்தின்மேல் கணினி வரைந்த பொருளையும் சேர்த்துக் காட்டுவது மிகை மெய்ம்மை. 2016-இல் சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் இளையோர் கைப்பேசியை நீட்டிக்கொண்டு போக்கிமோன் தேடியது பலருக்கு நினைவிருக்கும். அந்த விளையாட்டு, தெருவின்மேல் பொம்மையை நிற்க வைத்தது. இங்கே பொம்மைக்குப் பதில் ஓவியம். தெருவுக்குப் பதில் வீட்டுச் சுவர்.

இதன் வேர் பழையது. அமெரிக்காவின் ஐவன் சதர்லண்ட் 1968-இல் தலையில் மாட்டும் காட்சிக் கருவி ஒன்றை உருவாக்கினார். போயிங் விமான நிறுவனத்தின் ஆய்வாளர் டாம் காடெல் 1990-இல் 'ஆக்மென்டட் ரியாலிட்டி' என்ற பெயரைச் சூட்டினார். சாதாரணக் கைப்பேசிக்கு இது பரவலாக வந்தது 2017-க்குப் பிறகே. அந்த ஆண்டு ஆப்பிள் 'ஏஆர்கிட்' என்ற அடித்தளத்தையும், 2018 தொடக்கத்தில் கூகல் 'ஏஆர்கோர்' என்பதன் முதல் முழுப் பதிப்பையும் வெளியிட்டன.

மலேசியர்களுக்கு நன்கு தெரிந்த ஐகியா நிறுவனம், 2017 செப்டம்பரில் 'ஐகியா பிளேஸ்' செயலியை வெளியிட்டது. நாற்காலியை வாங்கும் முன்பே வீட்டு வரவேற்பறையில் 'வைத்து'ப் பார்க்க அது உதவியது. ஓவியத் துறையில் ஆர்ட்சி, சாச்சி ஆர்ட் ஆகிய இயங்கலை விற்பனைத் தளங்கள் இதே வசதியைத் தந்தன. கைவினைப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற எட்சி, 2020-இல் ஐபோன் செயலியில் இதைத் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுத்தது ஓவியம், நிழற்படம், அச்சுப்படம் போன்ற சுவர்ப் படங்களைத்தான். நடமாட்டக் கட்டுப்பாட்டால் உலகமெங்கும் கடைகள் அடைபட்டிருந்த ஆண்டு அது.

எப்படி வேலை செய்கிறது?

கைப்பேசியை மெல்ல அசைக்கும்போது, கேமராவும் உள்ளிருக்கும் அசைவு உணரிகளும் சேர்ந்து அறையின் மூலை, கறை, கதவு விளிம்பு போன்ற புள்ளிகளைக் கண்டுபிடிக்கின்றன. அவற்றைக் கொண்டு தரை எது, சுவர் எது, எவ்வளவு தூரம் என்று கணக்கிடுகின்றன. பிறகு ஓவியத்தை அதன் உண்மையான அளவில் சுவரில் ஒட்டிக் காட்டுகின்றன. வாங்குபவர் நெருங்கினால் படம் பெரிதாகும், பின்வாங்கினால் சிறிதாகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. புதிதாக வெள்ளையடித்த வெறுஞ்சுவரில் கேமரா பற்றிக்கொள்ளப் புள்ளியே இருக்காது. படம் மிதக்கும், வழுக்கும். சுவரில் ஒரு நாள்காட்டியைத் தொங்கவிட்டால், அல்லது தரையும் சுவரும் சேரும் கோட்டைக் கேமராவுக்குக் காட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த ஒரு குறிப்பை வாங்குபவருக்குச் சொல்லிவிட்டால், "வேலை செய்யவில்லை" என்ற புகார் பாதி குறையும்.

ஓவியர் செய்ய வேண்டியவை

முதலில் நல்ல நிழற்படம். ஓவியத்தை நிழலான பகல் வெளிச்சத்தில் வைத்து, பளிச்சொளி இல்லாமல், நேர் எதிரே நின்று எடுக்க வேண்டும். கண்ணாடி பிரேம் போடும் முன்பே எடுத்துவிடுவது நல்லது.

அடுத்து அளவு. பிரேமையும் சேர்த்து அகலம், உயரம், கனம் மூன்றையும் அளவு நாடாவால் அளந்து எழுத வேண்டும். பிறகு பிளென்டர் போன்ற இலவச மென்பொருளில் அதே அளவில் ஒரு மெல்லிய பெட்டியை உருவாக்கி, அதன் முகப்பில் நிழற்படத்தை ஒட்ட வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு 'ஜிஎல்பி' கோப்பும் ஐபோனுக்கு 'யுஎஸ்டிஇசட்' கோப்பும் தேவை. ஜிஎல்பி கோப்பில் அலகு மீட்டர் என்பதை மறக்கக்கூடாது. 60 சென்டிமீட்டர் என்பது அங்கே 0.6. இந்தப் புள்ளி இடம் மாறினால் படம் வீட்டுக் கூரையை முட்டும், அல்லது தபால்தலை அளவில் நிற்கும்.

கோப்பை இணையப் பக்கத்தில் வைக்க, கூகல் இலவசமாகத் தரும் 'மாடல் வியூவர்' கருவி போதும். சுவரில் மாட்டும் அமைப்பும் அதில் உண்டு. பக்கம் தயாரானதும் இணைப்பைப் புலனத்தில் அனுப்பலாம். இதெல்லாம் கடினமாகத் தோன்றினால், கணினிப் பாடம் படிக்கும் வீட்டுப் பிள்ளைகளின் உதவியை நாடலாம். ஒரு படத்துக்குச் செய்யக் கற்றுக்கொண்டால், அடுத்த படத்துக்கு நிழற்படத்தையும் அளவையும் மாற்றினால் போதும்.

மலைப்பாதையில் ஒரு வாய்ப்பு

தாப்பாவுக்குத் தனி வசதி ஒன்று உண்டு. கேமரன் மலைக்கு ஏறும் கூட்டரசுச் சாலை 59 இங்கிருந்துதான் தொடங்குகிறது. சிம்பாங் பூலாய் வழியாக மற்றொரு சாலை வந்த பிறகும், லாத்தா இஸ்கண்டார் அருவி வழியாகப் பயணம் செய்வோர் இருக்கவே செய்கிறார்கள். ஆனால் குடும்பத்தோடு காரில் போகிறவர் மீட்டர் நீளப் படத்தை வாங்கி எங்கே வைப்பார்?

சிறிய மாதிரிப் படங்களைக் கடையில் மாட்டி, ஒவ்வொன்றின் கீழும் கியூஆர் குறியீட்டை ஒட்டி வைத்தால் வழி பிறக்கும். வீடு திரும்பியதும் அவர் அதை ஸ்கேன் செய்து தம் சுவரிலேயே பார்க்கலாம், மனைவி மக்களிடம் காட்டலாம், பிறகு வாங்கலாம். பால்மரம் சீவும் பெண்ணும், லயத்து வாசல் கோலமும், தோட்டத்து மாரியம்மன் திருவிழாவும் வரையப்பட்ட படங்களை, தோட்டத்தை விட்டுப் பட்டணம் போன குடும்பங்கள் விரும்பக்கூடும். பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்ட காலத்தில், அந்த வாழ்க்கை மிச்சமிருக்கும் இடங்களில் ஓவியமும் ஒன்று.

எங்கே சறுக்கும்?

தஞ்சாவூர் ஓவியம் நல்ல எடுத்துக்காட்டு. தங்கத் தகடும் புடைப்பு வேலையும் சாய்ந்த வெளிச்சத்தில் மின்னுவதே அதன் உயிர். தட்டையான நிழற்படம் அதைக் காட்டாது. அதற்குப் படத்தைச் சாய்த்துச் சாய்த்து எடுத்த குறுங்காணொளியும் சேர வேண்டும். நிறமும் கைப்பேசிக்குக் கைப்பேசி மாறும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

கோப்பிலுள்ள படத்தை யாரும் பதிவிறக்கி அச்சிட முடியும் என்பதும் கவனிக்கத்தக்கது. நீளப் பக்கம் 1,500 முதல் 2,000 பிக்சல் இருந்தால் திரைக்குப் போதும்; பெரிய அச்சுக்குத் தரம் போதாது. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியரின் வாழ்நாளும் அதற்குப்பின் 50 ஆண்டுகளும் அவர் படைப்புக்குப் பாதுகாப்பு உண்டு. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமோ, விற்கும் பொருள் சொன்ன விவரத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்கிறது. சுவரில் காட்டிய அளவும் வாங்குபவர் கண்ணுக்கு ஒரு வாக்குறுதிதான்.

வரையத் தெரியாதவரை இந்தத் தொழில்நுட்பம் ஓவியர் ஆக்காது. விலை மிகுதி என்று நினைப்பவரை வாங்கவும் வைக்காது. படம் பிடித்திருந்தும் அளவு தெரியாமல் தயங்கி நிற்பவருக்கு அது துணை செய்யும். அதற்கு ஓவியர் முதலில் எடுக்க வேண்டிய கருவி, தையல் பெட்டியில் கிடக்கும் அளவு நாடா.