பிராண்ட் மாத்தினா பைக் ஸ்மூத் ஆகுமா? இன்ஜின் ஆயிலில் நிஜமான வித்தியாசம் எங்கே இருக்கு?

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் மேல வீதியிலோ பைக்கை சர்வீஸுக்கு விட்டால், முதலில் வரும் கேள்வி இதுதான்: "அண்ணே, எந்த ஆயில் ஊத்தட்டும்?"

ஒரு ஷெட்டில் கேஸ்ட்ரால்தான் பெஸ்ட் என்பார்கள். அடுத்த தெருவில் சர்வோவே போதும் என்பார்கள். மோட்டுல் ஊத்தினால் வண்டி பறக்கும் என்று அடித்துச் சொல்ல ஒரு காலேஜ் பையன் கண்டிப்பாக இருப்பான். கம்பெனி ஆயிலைத் தவிர வேறு எதைத் தொட்டாலும் வாரண்டி போச்சு என்று ஷோரூம் பக்கம் ஒரு பயமுறுத்தலும் உண்டு.

யார் சொல்வது சரி? ஒரே கிரேடு, ஒரே தரம், ஒரிஜினல் பாட்டில் என்றால் பிராண்ட் மாறியதை ஓட்டுபவரால் பெரும்பாலும் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் கிரேடு மாறினாலோ, பாட்டில் போலியாக இருந்தாலோ, ஆயிலில் தண்ணீர் இறங்கினாலோ இன்ஜின் காட்டிக் கொடுத்துவிடும். இதில் கடைசி விஷயம் கடலூர் மாவட்டத்துக்கு ரொம்பவே பொருந்தும்.

75 டாக்ஸிகளை வைத்து நடந்த சோதனை

இந்தச் சண்டை நம்ம ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகை நியூயார்க்கில் 75 டாக்ஸிகளை எடுத்துக்கொண்டு, வெவ்வேறு பிராண்ட் ஆயில்களை ஊற்றி, ஒவ்வொன்றையும் 60,000 மைல், அதாவது சுமார் 96,500 கிலோமீட்டர் ஓடவிட்டது. பிறகு இன்ஜின்களைப் பிரித்து உள்ளே தேய்மானத்தை அளந்து பார்த்தார்கள். முடிவு 1996-ல் வெளியானது: பிராண்டுகளுக்கு இடையே சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை.

இதில் ஒரு ஓட்டை உண்டு. டாக்ஸி நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். இன்ஜின் ஆறவே ஆறாது. இன்ஜினுக்கு ஆயில் ரொம்பத் தேவைப்படும் நேரமே ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்யும் அந்த முதல் சில நொடிகள்தான். காலையில் பால் வாங்க, சாயங்காலம் கோயிலுக்கு என்று சிதம்பரம் தேர் வீதிகளுக்குள்ளேயே சுற்றும் ஸ்கூட்டருக்கு அந்த டாக்ஸி கணக்கை அப்படியே போட முடியாது. இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டுக்கே வராது. உள்ளே படியும் ஈரப்பசை ஆவியாகிப் போகவும் நேரம் கிடைக்காது. கிலோமீட்டர் குறைவாகத்தானே ஓடியிருக்கு என்று ஆயில் மாற்றாமல் விடுவது இங்கேதான் தப்பாகிறது. கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்லி கையேட்டில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பாட்டிலுக்குள் என்னதான் இருக்கு?

இன்ஜின் ஆயிலில் பெரும்பங்கு 'பேஸ் ஆயில்' எனப்படும் அடிப்படை எண்ணெய். மீதி, அழுக்கைக் கழுவ, துருவைத் தடுக்க, தேய்மானத்தைக் குறைக்கச் சேர்க்கும் ரசாயனங்கள்.

அடிப்படை எண்ணெய் கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் இருந்து வருகிறது. தமிழ்நாட்டில் மணலியில் இருக்கும் சி.பி.சி.எல். ஆலையும் அதைத் தயாரிக்கிறது. (கடலூரிலும் ஒரு சுத்திகரிப்பு ஆலை வந்திருக்க வேண்டியது. கட்டுமானம் நடந்துகொண்டிருந்த நாகார்ஜுனா ஆலையை 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் புரட்டிப் போட்டதில் அந்தக் கதை நின்றுபோனது.) ரசாயனக் கலவையையும் ஒவ்வொரு பிராண்டும் தனித்தனியாகக் கண்டுபிடிப்பதில்லை. லூப்ரிசால், இன்ஃபினியம், ஆஃப்டன், செவ்ரான் ஒரோனைட் என்ற நான்கு பெரிய நிறுவனங்கள்தான் உலகம் முழுக்க இதில் கோலோச்சுகின்றன.

பைக் கம்பெனிகளின் 'ஜெனுவின் ஆயில்' விஷயமும் இதே மாதிரிதான். பைக் கம்பெனிகள் பெரும்பாலும் சொந்தமாக ஆயில் ஆலை வைத்திருப்பதில்லை. தாங்கள் கேட்கும் தரத்தில் ஆயில் நிறுவனங்களிடம் தயாரித்து வாங்கி, தங்கள் பெயரில் விற்கிறார்கள். அதனால் அந்த ஆயில் மட்டம் என்று அர்த்தமில்லை. அந்த வண்டிக்கு என்ன வேண்டுமோ அது சரியாக இருக்கும் என்பதே அதன் பெரிய பிளஸ்.

'ஆனா புது ஆயில் ஊத்தினதும் ஸ்மூத்தா இருக்கே?'

இருக்கும். ஆனால் அது பிராண்டின் வேலை இல்லை. பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடி நீர்த்துப்போன, அளவும் குறைந்துபோன பழைய ஆயிலோடுதான் புது ஆயிலை ஒப்பிடுகிறோம். எந்த பிராண்டைப் புதிதாக ஊற்றினாலும் கியர் லேசாக விழும், சத்தம் குறையும். அதோடு சர்வீஸில் செயினுக்கு எண்ணெய் விட்டிருப்பார்கள், ஏர் ஃபில்டரைத் தட்டியிருப்பார்கள், டயருக்குக் காற்று அடித்திருப்பார்கள். எல்லாப் பெயரும் ஆயிலுக்குப் போய்விடுகிறது.

இன்னொரு விஷயம் அளவு. பெரும்பாலான 100 சிசி பைக்குகளில் மொத்த ஆயிலே சுமார் ஒரு லிட்டர்தான். அதில் கால் லிட்டர் குறைந்தால் நான்கில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். விலை உயர்ந்த ஆயிலைக் குறைவான அளவில் ஓட்டுவதைவிட, சாதாரண ஆயிலைச் சரியான அளவில் வைத்திருப்பது எவ்வளவோ மேல்.

பெயரைவிட எண்ணைப் பாருங்க

பாட்டிலில் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 15டபிள்யூ-50 என்று இருக்கும். இது எஸ்.ஏ.இ. என்ற அமைப்பு வகுத்த அடர்த்திக் கணக்கு. டபிள்யூ என்றால் குளிர்காலம். அதற்கு முன்னால் இருக்கும் எண் கடுங்குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் சோதிப்பார்கள். கடலூரில் மார்கழி விடியற்காலையில்கூட அந்தக் குளிர் கனவிலும் வராது. இங்கே வெயிலில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது பின்னால் இருக்கும் எண்.

அது 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. 40 என்று போட வேண்டுமானால் அந்தச் சூட்டில் 12.5-க்குக் குறையாமலும் 16.3-ஐ எட்டாமலும் இருக்க வேண்டும். அளவு அலகின் பெயர் சென்டிஸ்டோக்ஸ். கவனிக்க வேண்டியது, இது ஒரே எண் இல்லை, ஒரு வரம்பு. ஒரு பிராண்ட் 13-க்குப் பக்கத்திலும் இன்னொன்று 16-க்குப் பக்கத்திலும் இருக்கலாம். இரண்டு பாட்டிலிலும் 20டபிள்யூ-40 என்றுதான் இருக்கும். 'இந்த ஆயிலில் சத்தம் கம்மி' என்று பழைய வண்டிக்காரர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றால் அது இந்த இடைவெளியில்தான். தேய்ந்த இன்ஜினில் கெட்டியான ஆயில் சத்தத்தை அமுக்கும். ஆனால் தேய்மானம் சரியாகிவிடாது. 10டபிள்யூ-30 கேட்கும் வண்டியில் 20டபிள்யூ-50 ஊற்றினால் மைலேஜும் கொஞ்சம் அடிவாங்கும்.

ஏ.பி.ஐ. என்ற அமெரிக்க அமைப்பின் தர எழுத்துகளும் பாட்டிலில் இருக்கும். எஸ்.எல்., எஸ்.எம்., எஸ்.என்., எஸ்.பி. என்று இரண்டாவது எழுத்து அகர வரிசையில் பின்னால் போகப் போக, தரம் புதியது. கையேட்டில் எஸ்.எல். கேட்டிருந்தால் எஸ்.என். ஊற்றலாம். அதற்கு முந்தைய எஸ்.ஜி. ஊற்றக் கூடாது.

ஸ்கூட்டர் ஆயிலை பைக்கில் ஊத்தினால்?

இந்த இடத்தில்தான் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். கியர் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் கிளட்ச் தகடுகள் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்தபடி இருக்கும். கார் ஆயில்களில் மைலேஜுக்காக வழுக்கும் தன்மையைக் கூட்டியபோது பைக் கிளட்சுகள் வழுக்க ஆரம்பித்தன. அதனால் ஜப்பானில் 1998-ல் ஜாசோ என்ற தனித் தரம் கொண்டுவந்தார்கள். எம்.ஏ., எம்.ஏ.2 என்று இருந்தால் கியர் பைக்குக்கு. எம்.பி. என்று இருந்தால் ஸ்கூட்டருக்கு. ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலுக்குள் இல்லை என்பதால் அது வழுக்கினாலும் பிரச்னை இல்லை.

எம்.பி. ஆயிலை பைக்கில் ஊற்றினால் ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது சத்தம் ஏறும், வேகம் ஏறாது. பின்னால் ஆள் ஏறிய பிறகோ, பாலத்தில் ஏறும்போதோ இது முதலில் தெரியும். கிளட்ச் தகடு தேய்ந்துவிட்டது என்று அதை மாற்றச் சொல்லும் முன், கடைசியாக என்ன ஆயில் ஊற்றினோம் என்று பாட்டிலைப் பார்ப்பது நல்லது.

சிந்தெடிக் ஆயிலுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

பிராண்டைவிட இந்த வித்தியாசம் நிஜமானது. ஏ.ஏ.ஏ. என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2017-ல் வெளியிட்ட ஆய்வக முடிவுகளில், சிந்தெடிக் ஆயில்கள் சாதாரண ஆயில்களைவிடச் சராசரியாகக் கிட்டத்தட்ட 50% மேலாக இருந்தன. அதிகச் சூடு, நீண்ட ஓட்டம், பெரிய இன்ஜின் என்றால் காசுக்கு மதிப்பு உண்டு. ஆனால் கடலூரில் இருந்து சிதம்பரத்துக்கு நிதானமாக ஓடும் 100 சிசி வண்டிக்கு, கையேட்டில் கேட்டிருக்கும் மினரல் ஆயிலை நேரத்துக்கு மாற்றினாலே போதும். சிந்தெடிக் ஊற்றிவிட்டோம் என்ற தைரியத்தில் இரண்டு மடங்கு தூரம் ஓட்டுவதுதான் ஆபத்து.

பிரபலமான பிராண்டுக்குத்தான் போலி

யாரும் கேள்விப்படாத பிராண்டுக்குப் போலி தயாரித்து யாருக்கு என்ன லாபம்? அதனால் நல்ல பெயர் எடுத்த பிராண்டை வாங்குபவர்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒரிஜினல் காலி டப்பாக்களில் வடிகட்டிய பழைய ஆயிலை நிரப்புவது இதில் பழைய டெக்னிக். மூடி சீல், உள்ளே இருக்கும் அலுமினியத் தாள், தயாரிப்பு மாதம், பேட்ச் எண், ஸ்கேன் செய்யும் குறியீடு இவற்றைப் பார்த்து, பில்லோடு வாங்க வேண்டும். சர்வீஸ் முடிந்ததும் காலி டப்பாவைக் கேட்டு வாங்கி, ஆணியால் ஓட்டை போட்டுவிடலாம். கேட்க வெட்கமாக இருந்தால், எதிரிலேயே மூடியைத் திறந்து ஊற்றச் சொன்னால்கூடப் போதும்.

விலை ஒப்பிடும்போது அளவையும் பாருங்கள். பல பிராண்டுகள் 900 மில்லி டப்பாவும் விற்கின்றன. பார்த்தால் ஒரு லிட்டர் மாதிரியே இருக்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 மழையிலும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை அடுத்து தென்பெண்ணை பெருக்கெடுத்தபோதும் கடலூரில் வண்டிகள் தண்ணீரில் நின்றன. அந்த மாதிரி நேரத்தில் எந்த பிராண்ட் ஆயிலும் காப்பாற்றாது.

தண்ணீர் வடிந்ததும் பலர் செய்யும் முதல் வேலை கிக்கரை உதைப்பது. அதைச் செய்யவே கூடாது. சாவியையும் போடக் கூடாது. ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் பேரிங்குகளுக்கு இடையே இருக்க வேண்டிய எண்ணெய்ப் படலம் இருக்காது. ஆயிலை முழுக்க வடித்து, ஏர் ஃபில்டர், பிளக்கைக் கழற்றிக் காயவைத்து, அதே கிரேடில் விலை குறைந்த ஆயிலை ஊற்றிச் சில நிமிடம் ஓட்டி, மறுபடி வடித்து, பிறகுதான் நல்ல ஆயில் ஊற்ற வேண்டும். ஒரு சுற்றில் தெளியாவிட்டால் இன்னொரு சுற்று. ஸ்கூட்டர் என்றால் பின் சக்கரத்துப் பக்கம் தனியாக இருக்கும் கியர் ஆயிலையும் மறக்காமல் மாற்ற வேண்டும்.

கடலூர் முதுநகர் துறைமுகத்திலும் பரங்கிப்பேட்டையிலும் விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பால் நிறம் நன்றாகவே தெரியும். கூலர் கசிந்தால் டீசல் இன்ஜின் ஆயிலில் கடல் தண்ணீரே கலந்துவிடும். படகில் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, ஓடிய மணிக்கணக்குத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் இன்ஜினைப் பிரிப்பவர்கள், ஆயில் மாற்றும்போது கூலரையும் சேர்த்துப் பார்த்துவிடுவது வழக்கம். ஆயில் கறுத்திருந்தால் மட்டும் பயப்பட வேண்டியதில்லை. டீசல் இன்ஜினில் கரியைக் கழுவித் தன்னிடம் வைத்துக்கொள்ளும் ஆயில் சீக்கிரமே கறுக்கத்தான் செய்யும்.

நடுவழியில் வேறு பிராண்ட் கலக்கலாமா?

ஆலப்பாக்கம் தாண்டும்போது ஆயில் குறைந்திருப்பது தெரிகிறது, கடையில் இருப்பதோ வேறு பிராண்ட் என்றால்? அதே கிரேடு, அதே ஜாசோ தரம் என்றால் தாராளமாக ஊற்றலாம். மற்ற ஆயில்களோடு கலந்தால் பிரியக் கூடாது என்பதே ஏ.பி.ஐ. சோதனைகளில் ஒன்று. அதே கிரேடு கிடைக்காவிட்டால், ஆயில் இல்லாமல் ஓட்டுவதைவிடப் பக்கத்துக் கிரேடு கொஞ்சம் ஊற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்து மாற்றிவிடலாம். பைக்கை சமதரையில் நேராக நிறுத்தி, கையேட்டில் சொன்னபடி குச்சியை வைத்துப் பார்த்து, மேல் கோட்டைத் தாண்டாமல் ஊற்றுங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்தால் அளவு தப்பாகத்தான் காட்டும்.