ஷீட்டாக்கே காளான்

ஜப்பான், சீனா, கொரியா நாடுகளில் ஓக் வகை மரக்கட்டைகளில் வளர்க்கப்படும் உணவுக் காளான். சமையலில் பச்சையைவிட உலர்ந்ததற்கே மதிப்பு, அது நியாயமும்கூட. உலர்ந்ததைக் குளிர்ந்த நீரில் பல மணி நேரம் ஊறவிட்டுப் பிறகு சூடாக்கும்போது குவானிலேட் உருவாகிச் சுவையைத் தூக்கிவிடும். இச்சேர்மத்தின் சுவைத்திறனை 1957இல் கண்டறிந்தவர் அகிரா குனினாகா. பழுப்பேறிய ஊறல் நீரைக் கொட்டிவிடக் கூடாது. சைவ ‘தாஷி’ சாற்றுக்கு அதுவே அடிப்படை. குடையின் அடிச்செவுள்கள் மேல்நோக்கியிருக்க வெயிலில் காயவைத்தால் வைட்டமின் டி பன்மடங்கு பெருகும்.

இக்காளானிலிருந்து பிரித்தெடுத்த லென்டினான் என்ற பொருள், 1985இல் ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய்க்குக் கீமோதெரபியுடன் செலுத்தும் ஊசிமருந்தாக அனுமதி பெற்றது. காளானைச் சாப்பிட்டாலே அப்பலன் கிட்டும் என்று கொள்ளலாகாது. சரியாக வேகாமல் உண்டால் சிலருக்குச் சாட்டையடித் தழும்புபோல் தோலில் அரிப்புத் தடிப்புகள் வரும்.