இந்துநகரின் வெள்ளிப் படிகங்கள்

 ஜெலட்டினுக்குள் படிகம் வளர்க்கும் கலை உதகை இந்துநகரில் நடந்தது. 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், பிரெஞ்சுத் தொழில்நுட்பத்துடன் 1967-இல் உற்பத்தியில் இறங்கியது. சூடான ஜெலட்டின் கரைசலில் வெள்ளி நைட்ரேட்டும் புரோமைடும் சேர நுண்படிகங்கள் பிறக்கும். வெப்பத்தில் வைத்திருக்க வைத்திருக்கச் சிறியவை கரைந்து பெரியவை பருக்கும். படிகம் பெருத்தால் மங்கிய ஒளியும் பதியும். ஆனால் படம் சொரசொரக்கும். சில நிமிடங்கள் பிசகினாலும் பிலிமின் குணமே மாறிவிடும். தூசியும் வெக்கையும் குறைந்த மலை இதற்குத் தோதான இடம்.

டிஜிட்டல் கேமராதான் இந்த ஆலையை மூடியது என்பார்கள். ஆண்டுகள் அதற்கு ஒத்துவரவில்லை. 1990-களின் நடுவிலேயே அது நலிந்த நிறுவனமாகிவிட்டது. அப்போது நம்மூர் ஸ்டுடியோக்களில் பிலிம்தான் ஓடியது, மருத்துவமனைகளுக்கும் எக்ஸ்ரே பிலிம் வேண்டியிருந்தது. பாலியெஸ்டர் எக்ஸ்ரே பிலிம் திட்டத்தின் கடன் சுமையையும், 1991-க்குப் பின் திறந்துவிடப்பட்ட இறக்குமதியையுமே நான் முதற்காரணங்களாகக் கொள்கிறேன். கோடக்கே 2012-இல் திவால் பாதுகாப்பு கோரியதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், பிலிம் சந்தை எப்படியும் சுருங்கியிருக்கும். ஆனால் உதகை ஆலை விழுந்தது, சந்தை சுருங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே.