ஒரு கணினி மொழி தன் இலக்கணத்தைத் திருத்திய கதை



கண்ணன் முருகனை அழைத்தான் என்றாலும், முருகனைக் கண்ணன் அழைத்தான் என்றாலும் பொருள் ஒன்றே. அழைத்தவன் யார், அழைக்கப்பட்டவன் யார் என்பதை 'ஐ' என்னும் வேற்றுமை உருபு காட்டிவிடுகின்றது. ஆங்கிலத்திலோ இவ்விரு பெயர்களும் இடம் மாறினால் அழைத்தவனே அழைக்கப்பட்டவனாகிவிடுவான். இவ்வேறுபாடு மாந்தர் பேசும் மொழிகளுக்கு மட்டும் உரியதன்று. கணினிக்குக் கட்டளை எழுதுவதற்கென ஆக்கப்பட்ட செய்நிரல் மொழிகளிலும் உண்டு. அம்மொழிகளுள் ஒன்றாகிய ரூபி, இத்தகைய தன் உருபிலக்கணத்தை 2020ஆம் ஆண்டில் திருத்தி அமைத்தது. பல்லாயிரவர் எழுதிக் குவித்துவிட்ட பின்னர் ஒரு மொழியின் இலக்கணத்தை மாற்றுவது எங்ஙனம் என்னும் வினா இக்கதையில் அடங்கியிருத்தலின், கணினியோடு தொடர்பில்லாதவர்க்கும் இது கேட்கத் தக்கதே.

செய்நிரல் மொழியில், ஒரு வேலையைச் செய்து தரும் கட்டளைத் தொகுதிக்குப் பெயர் ஒன்று இட்டு வைப்பர். அதனைச் சார்பு என்பர். பாடசாலையில் மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் சார்பு ஒன்று உளதெனக் கொள்வோம். அதற்கு மாணவரின் வயது, தரம், வீட்டின் தூரம் என மூன்று எண்களைக் கொடுத்தல் வேண்டும். '11, 6, 4' என வாளா அனுப்பினால், எந்த எண் எதனைக் குறிக்கும் என்பதை அவை நிற்கும் இடமே காட்டும். எழுதுபவர் கை தவறி '6, 11, 4' என்று எழுதிவிட்டால், கணினி சிறிதும் தயங்காது ஆறு வயதுக் குழந்தையைப் பதினோராந் தரத்தில் சேர்த்துவிடும். 'வயது: 11, தரம்: 6, தூரம்: 4' எனப் பெயர் சுட்டி அனுப்பினால் இவ்விடர் இல்லை. எம்முறையில் நிறுத்தினும் பொருள் மாறாது. இதனைப் பெயர் சுட்டிய உள்ளீடு எனலாம். 1983இல் தரப்படுத்தப்பட்ட ஏடா மொழியிலும், 1984இல் நூல்வடிவில் விளக்கப்பெற்ற கொமன் லிஸ்ப் மொழியிலும் இவ்வசதி முன்னரே இருந்தது.

ரூபி மொழியை ஆக்கியவர் யப்பானியரான யுகிஹிரோ மட்சுமோட்டோ. 1993இல் தொடங்கிய அம்மொழியை 1995இல் அவர் வெளியிட்டார். அவருடைய தாய்மொழியும் பெயர்க்குப் பின் உருபு ஏற்கும் மொழியே. ஆயினும் ரூபி தொடக்கத்தில் பெயர் சுட்டிய உள்ளீட்டைப் பெறவில்லை. அதற்கு ஈடாக எழுத்தாளர்கள் ஓர் உபாயம் கண்டனர். பெயரும் மதிப்பும் இணைந்த சோடிகளைத் தாங்கும் பட்டியல் ஒன்று அம்மொழியில் உண்டு. அதனை ஹாஷ் என்பர். முறைப்படி அதனை நெளி அடைப்புக்குறிகளுக்குள் எழுதுதல் வேண்டும். அப்பட்டியலைச் சார்பின் கடைசி உள்ளீடாக அனுப்பும்போது மாத்திரம் அடைப்புக்குறிகளை விட்டுவிடலாம் என்று ரூபி இசைவு தந்தது. குறிகள் மறைந்ததும், பார்வைக்கு அஃது அசல் பெயர் சுட்டிய உள்ளீடு போலவே தோன்றிற்று. இணையத்தளங்களை அமைக்கும் ரெயில்ஸ் என்னும் பெருந்தொகுப்பு 2004இல் வெளிவந்த பின்னர், இவ்வழக்கு எங்கும் பரவி வேரூன்றியது.

தமிழ் இலக்கணம் கற்றார்க்கு இது புதிதன்று. உருபு மறைந்து வருவதைத் தொகை என்கிறோம். மரவேலி என்ற சொல் மரத்தாலாகிய வேலியா, மரத்துக்கு இட்ட வேலியா? தொகைச்சொல் இரண்டு முதல் ஏழு பொருள் வரை மயங்கும் என நன்னூலார் வகுத்துள்ளார். இலக்கண வகுப்பில் மாணவர்க்குத் தலைவலி தரும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. நாம் இடம் நோக்கிப் பொருள் துணிகின்றோம். கணினிக்கு அத்துணிவு கிடையாது. விதி சொல்வதை அப்படியே செய்யும்.

2013 பெப்ரவரி 24ஆம் திகதி வெளிவந்த ரூபியின் இரண்டாம் பதிப்பு, பெயர் சுட்டிய உள்ளீட்டை மொழியின் உறுப்பாகவே ஏற்றுக்கொண்டது. அன்றே அதனைப் பட்டியலினின்று முற்றாகப் பிரித்திருக்கலாம். பழைய எழுத்துகள் பழுதுபடலாகாது என்னும் இரக்கத்தால் அவ்வாறு செய்யவில்லை. கடைசியில் வரும் பட்டியலைப் பெயர் சுட்டிய உள்ளீடாகவும், பெயர் சுட்டிய உள்ளீட்டைப் பட்டியலாகவும் மொழியே வேண்டியவாறு மாற்றிக்கொள்ளும் என விதித்தனர்.

தொல்லை இவ்விடத்தே பிறந்தது. ஒரு சார்பு, மாணவர் விவரப் பட்டியலை முதல் உள்ளீடாகவும், அதனை எவ்வாறு கையாள்வது என்னும் குறிப்புகளைப் பெயர் சுட்டியும் ஏற்கின்றது. முதல் உள்ளீட்டைக் கொடாதும் விடலாம் என்க. ஒருவர் அடைப்புக்குறிகளோடு பட்டியலை மட்டும் அனுப்புகிறார். மொழியோ, இது கடைசியில் வந்த பட்டியல் ஆதலின் குறிப்புகளே எனக் கொண்டு, விவரம் வெறுமையாய் வந்ததென முடிவு செய்துவிடும். எழுதியவர் தெளிவாகக் குறியிட்டும் பயனில்லை. சில வேளைகளில் ஒரே பட்டியலைத் தானே இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை இங்கும் மறு பாதியை அங்கும் சேர்த்த வேடிக்கையும் நடந்தது. ஒவ்வொரு முரணுக்கும் ஒரு விலக்குவிதி, அவ்விலக்குக்கு இன்னொரு விலக்கு என இலக்கணம் சிக்கலுற்றது.

மூன்றாம் பதிப்பில் இவ்விரண்டையும் பிரித்துவிடுவதாக மட்சுமோட்டோ 2017இல் அறிவித்தார். அவ்வாண்டின் இறுதியில் யூசுகே எண்டோ அதனை முறைப்படி முன்மொழிந்தார். அவர்கள் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. பைதன் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 டிசெம்பரில் பழைய எழுத்தோடு ஒவ்வாததாய் வெளிவந்தது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி முதலாம் திகதிதான் நிறுத்தப்பட்டது. பதினொரு ஆண்டுகள் ஒரு மொழி இரு மொழியாய் நடந்தது. ரூபியும் 1.8இலிருந்து 1.9க்கு மாறியபோது இவ்வகைத் துன்பத்தைச் சிறிது சுவைத்திருந்தது.

முதல் முன்மொழிவு இரு திசை மாற்றத்தையும் ஒழிக்க எண்ணியது. ஜெரமி எவன்ஸ் என்பவர் இதனை மறுத்தார். பட்டியலைப் பெயர் சுட்டிய உள்ளீடாக மாற்றுவதே மயக்கத்தின் வேர். பெயர் சுட்டிய உள்ளீட்டை ஏற்காத சார்புக்கு அதனைப் பட்டியலாக்கித் தருவதால் மயக்கம் எழாது என்பது அவர் வாதம். அது ஏற்கப்பட்டது. என் மதிப்பில், இக்கதையில் மிகச் சிறந்த முடிபு இதுவே. கெடுதி செய்யும் விதியை மட்டும் நீக்கி, கெடுதியற்ற பழைய வழக்கை இருக்க விட்டமையால், இருபது ஆண்டு எழுத்தின் பெரும்பகுதி தப்பியது.

மிகக் கடினமான இடம் வேறொன்று. சில சார்புகள் தூதுவரைப் போன்றவை. எது வந்தாலும் வாங்கி, உள்ளிருப்பது யாதென அறியாமலே அடுத்த சார்பிடம் சேர்ப்பிக்கும். பழைய பதிப்புகளில் எல்லாவற்றையும் ஒரே பையில் இட்டு அனுப்பலாம். சேரிடத்தில் கடைசிப் பட்டியல் மீண்டும் பெயர் சுட்டிய உள்ளீடாகிவிடும். புதிய விதியில் அவ்வுருபு பைக்குள் தொலைந்துபோகும். ஆதலின் இரு பைகள் வேண்டும். ஆனால் 2.6ஆம் பதிப்பில் இரண்டாம் பை வெறுமையாயின், சேரிடத்தில் வெறும் பட்டியல் ஒன்று மிகையாய்ப் போய்ச் சேரும்! பழைய பதிப்புக்கும் புதியதற்கும் ஒரே எழுத்தை எழுத விரும்பியோர் இங்கே திகைத்தனர். அவர்களுக்காக எவன்ஸ், தூதுச் சார்புக்கு இடும் ஓர் அடையாளத்தை அமைத்தார். அவ்வடையாளம் இட்டால், பைக்குள் இருக்கும் கடைசிப் பட்டியலில் கண்ணுக்குப் புலப்படாத முத்திரை ஒன்று விழும். சேரிடத்தில் அம்முத்திரை கண்டு மொழி உருபை மீட்டுத் தரும்.

2019ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று 2.7ஆம் பதிப்பு வந்தது. ரூபியின் புதுப் பதிப்புகள் அத்தினத்தில் வருவது வழக்கம். அப்பதிப்பு பழைய எழுத்தைப் பெரும்பாலும் பழையபடியே இயக்கி, மாறவிருக்கும் இடந்தோறும் எச்சரிக்கை ஒன்றை அச்சிட்டது. நோக்கம் நன்று, விளைவு பெருவெள்ளம். தாம் எழுதாத, பிறரிடம் பெற்ற தொகுப்புகளிலிருந்தும் எச்சரிக்கைகள் ஆயிரக்கணக்கிற் கொட்டவே, பயனர் முறையிட்டனர். 2020 ஒக்டோபரில் வெளிவந்த 2.7.2 பதிப்பில், விரும்பிக் கேட்டாலன்றி எச்சரிக்கை தோன்றாதவாறு செய்யப்பட்டது. இதனை யான் முழுமனதோடு ஏற்கமாட்டேன். எச்சரிக்கையைக் கேட்டுப் பெறுபவர் முன்னரே விழிப்புடையவர். விழிப்பில்லாதவர்க்கே அது வேண்டும். ஏறத்தாழ மூன்று மாதங்களின் பின், 2020 டிசெம்பர் 25இல் மூன்றாம் பதிப்பு வந்து, பிரிவினை முழுமையுற்றது. அறியாதிருந்தோரின் செய்நிரல்கள் அன்று பிழை காட்டி நின்றன.

ஆயினும் மொழி இரண்டாகப் பிளவுபடவில்லை. ரெயில்ஸ் தொகுப்பு அதே டிசெம்பரில் தன் 6.1ஆம் பதிப்பைப் புதிய விதிக்கு இசைய வெளியிட்டது. 2.7க்கான ஆதரவு 2023 மார்ச் 31இல் முடிவுற்றது.

சுருக்கி எழுதும் ஆசையை ரூபி கைவிட்டதாகவும் எண்ணவேண்டாம். 2021 டிசெம்பரில் வந்த 3.1ஆம் பதிப்பு, உள்ளீட்டின் பெயரும் அதன் மதிப்பைத் தாங்கும் சொல்லும் ஒன்றேயாயின், இரண்டாவதை எழுதாது விடலாம் என இசைந்தது. 'வயது: வயது' என்பதற்கு 'வயது:' என்றாலே போதும். இங்கு மறைவது மதிப்புச் சொல் மட்டுமே. பெயரும் அதன் பின் நிற்கும் முக்காற்புள்ளியும் தம்மிடத்தே நிற்கின்றன.