ஹாரியட் அம்மையார் கண்ட முதியோர் இல்லம்

அடிமைத் தளையை அறுத்தெறிந்த வீராங்கனை என்றே ஹாரியட் டப்மன் அம்மையாரை நம் இளைஞர் அறிவர். 1849இல் அவர் மேரிலாந்திலிருந்து தப்பியதும், மீண்டும் மீண்டும் அங்கே சென்று ஏறத்தாழ 70 பேரை மீட்டதும், 1863இல் கொம்பாகி ஆற்றுப் படையெடுப்பில் 700க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற வழிகாட்டியதும் பலராலும் எழுதப்பட்டவை. அவர்தம் பிற்கால வாழ்வைப் பற்றியே நாம் இங்கு எழுதப் புகுகின்றோம். கல்விச் சங்கத்தின் மலரில் முதியோர் இல்லத்துக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். எழுதப் படிக்க அறியாத ஓர் அம்மையார் தம் மக்களுக்காக ஒரு நிறுவனத்தை உண்டாக்கிய வரலாறு இது.

1859இல் நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் நகரருகே, செனட்டர் வில்லியம் சீவர்டிடம் 7 ஏக்கர் நிலத்தை வீட்டோடு தவணை முறையில் வாங்கினார் அம்மையார். கனடாவின் குளிரைத் தாங்க மாட்டாத தம் முதிய பெற்றோரை அங்கே குடியேற்றினார். அவர்களோடு அவ்வீடு நின்றுவிடவில்லை. முதியோரும் அநாதைக் குழந்தைகளும் கண்ணிழந்தோரும் அவ்வாயிலை நாடி வந்தனர். காய்கறி பயிரிட்டும், பன்றி வளர்த்தும், நண்பர்களிடம் உதவி கேட்டும் அம்மையார் அவர்களுக்குச் சோறிட்டார். 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆயினும், ஆயுள் முழுவதும் கூலியின்றி உழைத்து மூப்பெய்தியவர்க்குச் சேமிப்பு ஏது? வெள்ளையர் நடத்திய முதியோர் இல்லங்கள் பலவற்றில் அவர்களுக்கு இடமும் இல்லை.

1896இல் பக்கத்து நிலம் 25 ஏக்கர் ஏலத்துக்கு வந்தது. கையில் பணமில்லாத அம்மையார் 1,450 டாலருக்குத் துணிந்து ஏலம் எடுத்தார்! திருச்சபையின் உதவியும் வங்கிக் கடனும் கைகொடுத்தன. ஆனால் கடனும் வரியும் அவரை நெருக்கவே, 1903இல் அந்நிலத்தை ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சீயோன் திருச்சபையிடம் ஒப்படைத்தார். இல்லம் 1908 ஜூன் 23ஆம் நாள் திறக்கப்பட்டது.

இதனிடையே ஒரு பிணக்கு நேர்ந்தது. இல்லத்தில் சேர 100 டாலர் கட்டணம் செலுத்த வேண்டும் எனத் திருச்சபையார் விதி செய்தனர். அம்மையார் வெகுண்டார். காசில்லாதவர்க்கு மட்டுமே இங்கு இடம் என்றல்லவா விதி இருத்தல் வேண்டும் என்பது அவர் வழக்கு. அம்மையாருக்கு அரசு அளித்த ஓய்வூதியமே 1899 முதல் மாதம் 20 டாலர்தான். 100 டாலர் என்பது அவருடைய ஐந்து மாத வருவாய். திருச்சபையார் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. கடன் சுமந்த நிலத்தில் விறகுக்கும் மருந்துக்கும் பணம் வேண்டுமே! எனினும் நம் நெஞ்சம் அம்மையார் பக்கமே சாய்கின்றது. யாரை எண்ணி அந்த நிலம் வாங்கப்பட்டதோ, அவர்களையே அல்லவா அவ்விதி வாயிலில் நிறுத்திவிடும்?

1911இல், உடல் தளர்ந்த நிலையில், அம்மையார் தாமே அவ்வில்லத்தில் சேர்ந்தார். பிறருக்கென அமைத்த இடத்தில் பிறர் அவரைப் பேணினர். 1913 மார்ச் 10ஆம் நாள், உறவினரும் நண்பரும் சூழ்ந்திருக்க, நிமோனியாக் காய்ச்சலால் உயிர் நீத்தார்.

அவருக்குப் பின் இல்லம் நெடுங்காலம் நடைபெறவில்லை. அவர் உயிர் நீத்த செங்கல் கட்டடம் இடிந்து மறைந்தது. பண்ணையிலிருந்த மர வீடு பழுது பார்க்கப்பட்டு இன்றும் நிற்கின்றது. 2017இல் அமெரிக்க அரசு அவ்விடத்தைத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக நிறுவியது.