அத்தி: மரமா, யானையா?

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராசப் பெருமாள் கோயில் நிற்கும் இடத்தின் பழம்பெயர் அத்தியூர். கருவறை அமைந்த மேட்டின் பெயர் அத்திகிரி. இவற்றிலுள்ள ‘அத்தி’ வடமொழி ‘ஹஸ்தி’யின் திரிபு, எனவே யானை என்பது பரவலான விளக்கம். திசையானைகள் வழிபட்ட தலம் என்னும் புராணத்தை அதற்குச் சான்றாகக் காட்டுவர். பெயருக்குக் கதை சொல்லப் பிறப்பதே தலபுராணம். கதையைக் கொண்டு பெயரை நிறுவுவது தலைகீழ் வேலை.

பூதத்தாழ்வார் இரண்டாம் திருவந்தாதியில் சொல்வது அத்தியூர். சோழர் காலக் கல்வெட்டுகளில் இறைவன் திருவத்தியூர் ஆழ்வார். அருகிலுள்ள தூப்புலில் 1268-இல் பிறந்த வேதாந்த தேசிகர் அத்திகிரியைப் போற்றியது பூதத்தாழ்வாருக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து. ‘ஊர்’ ஈற்றுக்கு முன் மரப்பெயர் நிற்பது தமிழர் வழக்கம்: நாவலூர், பனையூர், வேப்பூர். யானையை எண்ணிப் பெயரிட்டவர்கள் யானைமலை என்றும் ஆனைமலை என்றும் நேராகவே இட்டனர். காஞ்சி என்பதும் மரப்பெயர்தான். ‘கிரி’ சேர்ந்த பிறகே யானை மலையேறியிருக்க வேண்டும்.

அத்தி தமிழுக்கு மட்டும் உரிய சொல்லன்று. மலையாளத்திலும் கன்னடத்திலும் அதே மரத்துக்கு அதே பெயர். சங்க நூல்களில் அது அதவம். ஆற்றங்கரை அதவத்தின் ஒற்றைக் கனியை ஏழு நண்டுகள் மிதித்துக் குழைத்த காட்சி குறுந்தொகை 24-ஆம் பாட்டில் உண்டு. அதவமும் அத்தியும் ஒருவேர்க் கிளைகள் என்று கொள்வதே பொருத்தம். அகராதிகளில் எலும்பு, கடல், யானை எனப் பொருள்படும் அத்திகள் முறையே அஸ்தி, அப்தி, ஹஸ்தி ஆகியவற்றின் திரிபுகள். மரத்தோடு அவற்றுக்கு உறவில்லை. மருத்துவ நூலில் ‘அத்திசுரம்’ என்று கண்டு அத்திப்பட்டையைத் தேடுவது வீண். அது எலும்பைப் பற்றிய காய்ச்சல். ‘அத்தி பூத்தாற்போல’ என்னும் வழக்கோ மரத்தைக் கூர்ந்து பார்த்தவர் சொன்னது: பூக்கள் காய்க்குள்ளேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மரத்தின் பயன்பாட்டு வரலாற்றுக்கு வழிகாட்டும் சொல் துவர். சுவையில் துவர்ப்பு, நிறத்தில் செம்மை, வினையில் உலர்தல் என அதற்கு மூன்று பொருள். துவராடை காவியுடை. குமரிப் பகுதியில் துவர்த்து என்பது உடல் துடைக்கும் துண்டு. அத்திப்பட்டையில் இம்மூன்றும் கூடுகின்றன. மரத்தைக் கீறினால் வெள்ளைப் பால் வடியும். பட்டையை இடித்துக் கொதிக்கவைத்தாலோ நீர் செம்பழுப்பாகும், நாக்கை இழுத்துப் பிடிக்கும். ஆறிய கசாயத்தை வடிகட்டிப் புண் கழுவுவதும், வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிப்பதும் பழைய கைமுறை.

சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவியின் கூந்தல் நீராட்டுக்குப் பத்துத் துவர் சேர்கிறது. பூவந்தி, திரிபலை மூன்று, கருங்காலி, நாவல், நாற்பால்மரம் என்று அந்தப் பத்தை எண்ணுவர். நாற்பால்மரம் என்பன ஆல், அரசு, அத்தி, இத்தி. கேரள வைத்தியத்தில் இவையே நால்பாமரம். ஆயுர்வேதத்தில் இதுபோன்ற ஐந்து பட்டைகளின் தொகுதி பஞ்சவல்கலம். அதுவும் புண் கழுவும் நீரே. ஒப்பனைக்கும் மருந்துக்கும் ஒரே பட்டை பயன்பட்டதில் வியப்பில்லை.

துவர்ப்பைத் தருவது டானின். அது புரதத்தோடு பிணைந்து அதை உறையச் செய்யும். தோலைப் பதனிடுவதும் இதே வினையால்தான். புண்ணின் மேல் மெல்லிய படலம் படியும், கசிவு குறையும், ஈரம் வற்றும். நுண்ணுயிர்களின் புரதங்களையும் டானின் பற்றிக்கொள்வதால் அவற்றின் வளர்ச்சி தடைபடுகிறது. ஃபைகஸ் ரெசிமோசா என்னும் அத்திமரத்தின் சாறுகள் ஆய்வுக்கூடத்தில் சில பாக்டீரியாக்களை அடக்கியுள்ளன. எலிகளின் காயங்களிலும் சோதிக்கப்பட்டுள்ளன. ஆனால் கண்ணாடித் தட்டில் கிருமி அடங்குவது வேறு, மனித உடலில் புண் ஆறுவது வேறு. ஆழ்ந்த காயத்துக்கும் சர்க்கரை நோயாளியின் கால்புண்ணுக்கும் கசாயத்தை நம்பியிருத்தல் ஆகாது.

 

அத்திமரம் வெளியில் விரைவில் உளுத்துவிடும். நீருக்குள் நெடுநாள் தாங்கும். அதனால் கிணற்றின் அடியில் இறக்கும் சட்டத்துக்கு அதைப் பயன்படுத்தினர். வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசு குளத்தடியில் வைக்கப்பட்டு, 1979-இலும் 2019-இலும் வெளியே எடுக்கப்பட்ட அத்திவரதர் திருமேனியும் அத்திமரத்தால் ஆனது என்பதே மரபு. அந்தப் பெயரில் யானையைத் தேடுவார் எவருமில்லை. அத்தியூரிலும் தேட வேண்டியதில்லை.